கரையில் நின்ற கப்பல்: ஓர் உவமையின் நெடும் பயணம்

பள்ளிவாசல் பயான்களில் நம்மில் பலரும் கேட்டிருக்கும் உவமை ஒன்று உண்டு. கடலில் போகும் கப்பல் ஒன்று வழியில் ஒரு தீவை அடைகிறது. "தேவைய முடிச்சுக்கொண்டு கெதியா வாங்க, கப்பல் நிக்காது" என்று சொல்லி மாலுமி ஆட்களை இறக்கிவிடுகிறான். சிலர் போன காரியத்தை முடித்து உடனே திரும்புகிறார்கள். விசாலமான இடம் அவர்களுக்குக் கிடைக்கிறது. சிலர் பூவையும் பறவையையும் பார்த்து நின்றுவிட்டு வருகிறார்கள். நெருக்கடியான இடம்தான் மிச்சம். சிலர் கல்லும் சிப்பியும் பூவும் பொறுக்கிச் சுமந்து வருகிறார்கள். இருக்கவும் இடமில்லை, சாமானை வைக்கவும் இடமில்லை. பூ வாடி நாறுகிறது, சுமந்தவருக்கு நோய் வருகிறது. இன்னும் சிலர் காட்டுக்குள் போய்க் கப்பலையே மறந்துவிடுகிறார்கள். "கப்பல்காரன் சத்தம் போட்டுக் கூப்புடுறான், இவர் இன்னும் சிப்பி பொறுக்கிக்கொண்டு நிக்கிறார்" என்று ஹஸ்ரத்மார் சொல்லும் இடத்தில் சபையில் ஒரு சிரிப்பு எழும். பிறகு அமைதி.

இந்த உவமை இமாம் கஸ்ஸாலியின் (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், துன்யாவைப் பழிக்கும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் இமாமவர்கள் அதை எழுதுவதற்கு ஏறத்தாழ 250 வருடங்களுக்கு முன்பே பக்தாதில் ஒருவர் அறபில் எழுதிவிட்டார். அதற்கும் 700 வருடங்களுக்கு மேல் முன்னால், அடிமையாக இருந்து விடுதலையான கால் ஊனமுற்ற ஆசிரியர் ஒருவர் கிரேக்க மொழியில் அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாதையை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கஷ்டம் வந்த வீட்டில் நாம் முதலில் சொல்லும் வார்த்தை "சபுர் செய்யுங்க" என்பது. நல்ல வார்த்தை. ஆனால் அதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார், அந்த ஒரு வார்த்தையோடு நமது கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்விகள் நெடுநாளாக எனக்குள் இருந்தன. இந்த உவமையைச் சொன்ன மூவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் படித்தபோது அவற்றுக்கு ஒரு விடை தென்பட்டது.

விறாந்தைக்காரர்

கி.மு. 300 அளவில் அத்தென்ஸ் நகரத்தில் ஸெனோ என்பவர் பாடம் நடத்தத் தொடங்கினார். சைப்ரஸ் தீவைச் சேர்ந்த வணிகர் அவர். கப்பல் உடைந்து சரக்கை இழந்து அத்தென்ஸுக்கு வந்து சேர்ந்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. அவர் பாடம் நடத்திய இடம் சந்தைப் பக்கம் இருந்த, தூண்வரிசையும் ஓவியங்களும் கொண்ட ஒரு நீண்ட விறாந்தை. கிரேக்க மொழியில் அதற்கு 'ஸ்டோவா' என்று பெயர். அதனால் அவருடைய வழியில் வந்தவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். அறபு நூல்களில் இவர்களுடைய பெயர் 'அஹ்லுர் ரிவாக்', அல்லது 'ரிவாகிய்யூன்'. ரிவாக் என்றாலும் தூண்வைத்த விறாந்தைதான். ஆக, நமது பேச்சில் சொல்வதானால் இவர்கள் விறாந்தைக்காரர்.

அந்த விறாந்தையில் பிறந்த சிந்தனைக்கு மிகத் தெளிவான வடிவம் கொடுத்தவர் எபிக்டீட்டஸ். கி.பி. 50 அளவில், இன்று துருக்கியில் பமுக்கலே என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த ஹியராபோலிஸ் நகரத்தில் பிறந்தார். அவருடைய பெயருக்கே 'வாங்கிச் சேர்க்கப்பட்டவர்' என்றுதான் பொருள். ரோமில் நீரோ மன்னனின் செயலாளராக இருந்த ஒருவர் அவருடைய எஜமான். எபிக்டீட்டஸுக்குக் கால் ஊனம். எஜமான் காலை முறுக்கியபோது, "உடையப் போகிறது" என்று அமைதியாகச் சொன்னார், உடைந்த பிறகு "சொன்னேனே" என்று மட்டும் சொன்னார் என ஒரு கதை வழங்கி வந்தது. விடுதலை பெற்ற பின் ரோமில் கற்பித்தார். கி.பி. 90 அளவில் டொமிஷியன் என்ற மன்னன் தத்துவ ஆசிரியர்களை நகரை விட்டே துரத்தினான். எபிக்டீட்டஸ் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் இருந்த நிக்கோபோலிஸுக்குப் போய் அங்கே ஒரு பாடசாலை நடத்தினார். தாமாக ஒரு வரியும் எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்த குறிப்புகளும், அவற்றைச் சுருக்கிய ஒரு கைநூலும்தான் நமக்குக் கிடைத்தவை.

கைநூலின் தொடக்கமே ஒரு பிரிவினை. சில விஷயங்கள் நமது கையில் இருக்கின்றன: நமது எண்ணம், விருப்பம், வெறுப்பு, முயற்சி. சில நமது கையில் இல்லை: உடம்பு, சொத்து, பேர், பதவி. இரண்டாவதை முதலாவது என்று நினைத்துக்கொள்வதால்தான் மனிதன் அலைக்கழிகிறான் என்பது அவருடைய வாதம்.

பெரிய துன்பங்களை மட்டும் வைத்து அவர் பேசவில்லை. அவருடைய வீட்டில் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒரு நாள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் விளக்கைக் கள்ளன் கொண்டுபோய்விட்டான். சரி, நாளைக்கு மண் விளக்கு ஒன்று வாங்குவோம் என்று அவர் முடிவு செய்தார். உள்ளவனிடம்தானே களவு போகும் என்று இதை மாணவர்களுக்கு ஒரு பாடமாகவும் சொன்னார். அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3000 திரக்மா கொடுத்து வாங்கினாராம். விளக்கை வாங்கினால் அதன் வெளிச்சத்தில் அறிவும் வந்துவிடும் என்று நினைத்தவர் போலும் என லூசியன் என்ற எழுத்தாளர் அவரைக் கிண்டல் செய்கிறார்.

கப்பல் உவமை இந்தக் கைநூலின் ஏழாவது பகுதியில் வருகிறது. மிகச் சிறியது. தண்ணீர் எடுக்க இறங்குகிறாய். வழியில் ஒரு சிப்பியோ கிழங்கோ எடுக்கலாம். கவனம் மட்டும் கப்பல் பக்கம் இருக்கட்டும். கப்பல் தலைவன் கூப்பிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா. மனைவி, பிள்ளை கிடைத்தாலும் அப்படித்தான். வயது போனவர் என்றால் கப்பலை விட்டுத் தூரமே போகாதீர். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. கஸ்ஸாலியின் உவமையில் நேரம் தவறியவர் தீவில் விடப்படுகிறார். எபிக்டீட்டஸிடம் அப்படி ஒருவரும் விடப்படுவதில்லை. வராதவனை ஆட்டைக் கட்டுவது போல் கட்டித் தூக்கிக் கப்பலில் போடுவார்கள். மனிதரைக் கட்டி ஏற்றும் காட்சி ஓர் அடிமையின் கண்ணுக்குப் பழகியதாகத்தான் இருந்திருக்கும்.

பக்தாதிலிருந்து ஒரு கடிதம்

கி.பி. 800 அளவில் பிறந்தவர் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி. அறபுலகின் முதல் தத்துவஞானி. 'பைலஸூஃபுல் அறப்' என்றே பேர் பெற்றவர். கிந்தா கோத்திரத்தவர், தந்தை கூபாவின் ஆளுநர். மஃமூன், முஃதஸிம் ஆகிய கலீஃபாக்களின் ஆதரவில் பக்தாதில் வாழ்ந்தார். முஃதஸிமின் மகனுக்கு ஆசிரியராகவும் இருந்தார். கணிதம், மருத்துவம், இசை, வானியல், வாசனைத் திரவியம் என்று அவர் எழுதியவற்றின் பட்டியலை இப்னுந் நதீம் தருகிறார். அது 200-ஐத் தாண்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. மிஞ்சியவற்றுள் ஒன்று 'கவலைகளைப் போக்கும் உபாயம் பற்றி' என்ற சிறு கடிதம். இஸ்தான்பூலில் அயாசோஃபியா சேகரிப்பிலுள்ள ஒரு கையெழுத்துப் பிரதியில் அது இருந்தது. ரிட்டர், வால்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 1938-ல் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள்.

நண்பர் ஒருவர் கேட்டதற்குப் பதிலாக எழுதப்பட்ட கடிதம் இது. கவலைக்கு என்ன மருந்து என்று நண்பர் கேட்டார்; அல்-கிந்தி எழுதினார். கேட்காதவரைப் பிடித்து வைத்துச் சொன்ன உபதேசம் அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

மருத்துவர் போலவே அவர் தொடங்குகிறார். முதலில் நோய் எதுவென்று பார்க்க வேண்டும். விரும்பியதை இழப்பதாலும் தேடியது கிடைக்காமல் போவதாலும் மனதில் எழும் வலிதான் கவலை. ஆக்கமும் அழிவும் உள்ள இந்த உலகத்தில் விரும்பியது எல்லாம் கிடைத்தவரும் இல்லை, கிடைத்தது எல்லாம் நிலைத்தவரும் இல்லை. இந்த உலகத்துப் பொருள் அழியாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, இயற்கையில் இல்லாத ஒன்றைக் கேட்பதாகும்.

அடுத்து வழக்கத்தின் பலத்தைப் பற்றிப் பேசுகிறார். சூதாடியைப் பாருங்கள்: காசு போகிறது, நாள் போகிறது, ஆனாலும் அதில் அவனுக்குச் சந்தோஷம். கொள்ளைக்காரனைப் பாருங்கள்: சவுக்கடி, காயம், கடைசியில் கழுமரம், அதையும் பெருமையாக நினைக்கிறான். கெட்ட வழக்கமே இவ்வளவு துன்பத்தையும் இனிப்பாக்கும் என்றால், இருப்பதில் திருப்திப்படும் நல்ல வழக்கத்தைப் பழக ஏன் முடியாது? உடம்பு சுகமாக வேண்டும் என்று கசப்பு மருந்து குடிக்கிறோம், சூடு வைக்கவும் அறுக்கவும் விடுகிறோம். மனதுக்கு மருந்து செய்ய அவ்வளவு வலியும் இல்லை, செலவும் இல்லை. சின்ன விஷயத்தில் பழகத் தொடங்கி, படிப்படியாகப் பெரியதற்குப் போக வேண்டும் என்கிறார். எபிக்டீட்டஸின் களவுபோன விளக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

பிறகு உபாயங்களைச் சொல்கிறார். முதலில் வருவதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். கவலை தரும் காரியம் நமது செயலா, பிறர் செயலா? நமது செயல் என்றால் அதை விட்டுவிடுவது நமது கையில். பிறர் செயல் என்றால், அதைத் தடுக்க நம்மால் முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் தடுக்க வேண்டும். முடியாது என்றால், அது வந்து சேர முன்னரே கவலைப்பட்டு மனதை வதைக்கக் கூடாது. அதற்கிடையில் அது வேறு வழியில் விலகிவிடவும் கூடும். வந்தே விட்டால், கவலையின் காலத்தைச் சுருக்க முயல வேண்டும். வரிசையைக் கவனியுங்கள். 'பொறுத்துக்கொள்' என்பது கடைசியில் வருகிறது. 'தடுக்க முடியுமா?' என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது.

கடிதத்தில் கிரேக்க, ரோமக் கதைகள் நிறைய. மரணத்தை எதிர்பார்த்திருந்த அலெக்ஸாந்தர் தன் தாய்க்கு எழுதுகிறார்: என் மரணச் செய்தி வந்ததும் பெரிய நகரம் ஒன்று கட்டுங்கள், பெரிய விருந்து வையுங்கள், துன்பம் தொடாதவர் மட்டும் வரவேண்டும் என்று அறிவியுங்கள். தாய் அப்படியே செய்தார். ஒருவரும் வரவில்லை. மகன் தனக்கு ஆறுதல் சொன்ன விதத்தைத் தாய் அப்போது விளங்கிக்கொண்டார். இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சாவு விழாத வீட்டில் கடுகு கேட்டு அலைந்த கிசா கோதமியின் கதையைச் சிங்கள அயலவர் வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இன்னொரு கதை நீரோவைப் பற்றியது. விலைமதிப்பற்ற பளிங்குக் கூடாரம் ஒன்று அவனுக்குப் பரிசாக வந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். சபையில் இருந்த தத்துவஞானி ஒருவர் மட்டும், இது உங்கள் வறுமையைக் காட்டிக்கொடுக்கிறது என்றார். போய்விட்டால் இன்னொன்று கிடைக்காதே. பின்னர் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகும்போது கப்பல் முழ்கியது; நீரோ ஆறாத துயரத்தில் விழுந்தான். ஒரு பக்கம் உலகை ஆண்ட நீரோவின் கூடாரம், இன்னொரு பக்கம் அவனுடைய செயலாளரிடம் அடிமையாக இருந்தவரின் விளக்கு. ஒரே அரண்மனையைச் சுற்றி நடந்த இரண்டு இழப்புகள்.

இக்கருத்துகள் பெரும்பாலும் பொன்மொழித் தொகுப்புகள் வழியாக அறபுக்கு வந்தவை. அதனால் ஆள்மாறாட்டமும் நடந்தது. சாடிக்குள் குடியிருந்தவர் தியோஜெனிஸ் என்ற வேறொரு ஞானி; அல்-கிந்தியின் கடிதத்தில் உடைந்த சாடிக்குள் சோக்ரதீஸ் இருக்கிறார். சாடி உடைந்துவிட்டால் என்ன செய்வீர் என்று ஒருவர் கேட்க, சாடி உடைந்தாலும் இடம் உடையாதே என்கிறார்.

கப்பல் உவமையும் இதே கடிதத்தில்தான் அறபில் விரிகிறது. எபிக்டீட்டஸின் நாலு வரி, விசாலமான இடம், நெருக்கடியான இடம், வாடும் பூ, நிறம் மங்கும் கல், நாறும் சிப்பி என்று முழுக்கதையாகிறது. கிரேக்க ஆசிரியர் சொல்லாத ஒன்றையும் அல்-கிந்தி சேர்க்கிறார்: இந்தக் கப்பல் நமது உண்மையான சொந்த ஊருக்குப் போகிறது. ஒரு முஸ்லிமுக்கு அந்த ஊர் எது என்று சொல்லத் தேவையில்லை.

பறிபோன நூலகம்

கடிதத்தில் இன்னோர் எண்ணமும் வருகிறது. நம்மிடம் உள்ளவை எல்லாம் இரவல். தந்தவன் தான் விரும்பிய நேரத்தில், தான் விரும்பிய ஆளின் கையால் திரும்ப எடுத்துக்கொள்வான். எதிரியின் கையால் எடுத்தான் என்பதற்காக அதை நமக்கு நேர்ந்த அவமானம் என்று நினைக்கக் கூடாது.

அல்-கிந்தியின் வாழ்க்கையிலும் எதிரியின் கை ஒன்று நீண்டது. முதவக்கில் கலீஃபாவின் காலம் அது (847–861). அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தவர்கள் மூஸா இப்னு ஷாகிரின் மக்களான முஹம்மதும் அஹ்மதும். இவர்கள் சாதாரண ஆட்களல்லர், பெரிய பொறியியலாளர்கள். தானாக இயங்கும் கருவிகளைப் பற்றிய 'கிதாபுல் ஹியல்' இந்தச் சகோதரர்களின் நூல். உபாயம் என்ற பொருளுள்ள 'ஹீலா' என்ற சொல்லின் பன்மைதான் ஹியல். அல்-கிந்தியின் கடிதத் தலைப்பிலும் அதே ஹீலாதான். இவர்கள் செய்த சூழ்ச்சியால் கலீஃபா அல்-கிந்தியை அடிப்பித்தான். அவருடைய புத்தகங்கள் முழுவதையும் அந்தச் சகோதரர்கள் எடுத்துக்கொண்டு போய், 'கிந்திய்யா' என்று பேர் வைத்துத் தனியாக ஒரு களஞ்சியத்தில் அடைத்தார்கள். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே வரலாறு மேலும் சொல்கிறது. கலீஃபா ஒரு பெரிய கால்வாய் வெட்டச் சொல்லியிருந்தான். பொறுப்பு இந்தச் சகோதரர்களிடம் இருந்தது. அவர்கள் அதை அல்-ஃபர்கானியிடம் விட்டார்கள். அவர் கணக்குத் தவறிவிட்டார். வாய்ப்பகுதி மற்றப் பகுதியை விட ஆழமாகிவிட்டது. ஆறு பெருகினால் தவிரத் தண்ணீர் ஓடாது. செய்தி கலீஃபாவின் காதுக்கு எட்டியது. உண்மையைக் கண்டு சொல்லும்படி ஸனத் இப்னு அலீ என்ற அறிஞரை அழைத்தான். தவறு உறுதியானால் சகோதரர்களுக்குக் கழுமரம்.

இருவரும் ஸனதின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். ஸனதுக்கும் அல்-கிந்திக்கும் நட்பு இல்லை, பகையே இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அல்-கிந்தியின் புத்தகங்களைப் பறித்தது நியாயமா என்று கேட்டார். அவை திரும்பப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்கள் காரியத்தைப் பேசுவேன் என்று நின்றார். புத்தகங்கள் சுமந்து செல்லப்பட்டன. கடைசிப் புத்தகம் வரை கிடைத்ததாக அல்-கிந்தியின் கையெழுத்து வந்தது. அதன் பிறகே ஸனத் வழி சொன்னார்: தஜ்லா நதி பெருகியிருக்கும் நாலு மாதத்துக்குத் தவறு வெளியே தெரியாது, அதுவரை கால்வாயில் பிழையில்லை என்று சொல்கிறேன். அந்தத் தவணை முடிய முன்னரே முதவக்கில் கொல்லப்பட்டான்.

ஸனத் கலீஃபாவிடம் சொன்னது சரியா என்பது வேறு விவாதம். எனக்கு முக்கியமானது, அவர் அல்-கிந்தியிடம் ஆள் அனுப்பி "புத்தகம் இரவல்தானே, சபுர் செய்யுங்கள்" என்று சொல்லவில்லை என்பது. பொருள் இரவல் என்று உணர்வது இழந்தவரின் மனதுக்கு மருந்து. அது பறித்தவருக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. பார்த்து நிற்பவருக்கும் அது சாக்கு ஆகாது.

மருந்துப் பெட்டி

அல்-கிந்தியின் மாணவர் அபூ ஸைத் அல்-பல்கி (மறைவு 934) உடலுக்கும் உள்ளத்துக்குமாக ஒரு நூல் எழுதினார். உள்ளத்தைப் பற்றிய பகுதியில் கோபம், பயம், துயரம், வஸ்வாஸ் என்று நோய்களைப் பிரித்துப் பேசுகிறார். வீட்டில் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது போல், மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆலோசனை. புயல் அடிக்கும்போது கூரை மேய முடியாது அல்லவா? ரய் நகரத்து மருத்துவர் அர்-ராஸியும் ஆன்ம மருத்துவம் பற்றிய தம் நூலில் துயரத்துக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். வாசித்தும் எழுதியும் கண்பார்வை கெட்ட பிறகும், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தவர் அவர். மிஸ்கவைஹ் (மறைவு 1030) தம் 'தஹ்தீபுல் அஃக்லாக்' நூலின் இறுதி அதிகாரத்தில் அல்-கிந்தியின் பேர் சொல்லியே இந்தக் கடிதத்தை எடுத்தாண்டார். மிஸ்கவைஹின் நூலைக் கஸ்ஸாலி நன்கு பயன்படுத்தியவர்.

கஸ்ஸாலியும் புத்தகத்தை இழந்தவர்தான். இளம் வயதில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கள்ளர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்தார்கள். என் பாடக்குறிப்புகளை மட்டும் தாருங்கள், என் அறிவு முழுக்க அதில்தான் இருக்கிறது என்று அவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினார். கள்ளர் தலைவன் சிரித்தான். பையைப் பறித்தால் போய்விடும் என்றால் அது என்ன அறிவு என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஊருக்குப் போய் மூன்று வருடம் இருந்து அத்தனையையும் மனனம் செய்தாராம் இமாம். இதில் சுவையான விஷயம், முதலில் அவர் பொறுமையாக நின்றுவிடவில்லை, போய்க் கேட்டார். கேட்டதால்தான் குறிப்பும் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. 1095-ல், பக்தாத் நிஸாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது நாக்கு எழாமல் பாடம் நடத்தவே முடியாத நிலை வந்தது. பதவியை விட்டுவிட்டு ஷாமுக்குப் போனார். 'இஹ்யா' அந்த அலைச்சலுக்குப் பின் பிறந்த நூல். கையில் உள்ளதைப் போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடு என்று எழுதியவர், ஒரு தடவை உண்மையாகவே போட்டுவிட்டு ஓடியவர்.

சபுரும் கண்ணீரும்

ஸ்டோயிக் அமைதியும் நமது சபுரும் ஒன்றா? ஒரு பகுதி ஒன்றுதான். இரவல் என்ற எண்ணம் அல்-கிந்திக்கு முன்னரே நம்மிடம் இருந்தது. உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் குழந்தை இறந்தபோது, கணவர் அபூ தல்ஹாவிடம் (ரலி) அந்தச் செய்தியை நேரடியாகச் சொல்லாமல், இரவல் தந்தவர்கள் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று முதலில் கேட்டது ஹதீஸில் வருகிறது. மௌத்துச் செய்தி கேட்டதும் நாம் ஓதும் வசனத்தின் கருத்தும் திரும்பிப் போவது பற்றியதுதான்.

ஆனால் ஓர் இடத்தில் வழி பிரிகிறது. பிள்ளையை முத்தமிடும்போதே இது சாகக்கூடிய ஒன்று என்று நினைத்துக்கொள் என்கிறார் எபிக்டீட்டஸ். அழுகிறவரோடு சேர்ந்து வெளியில் விம்மலாம், உள்ளே விம்மாதே என்றும் சொல்கிறார். நமது மார்க்கம் அவ்வளவு கடுமையைக் கேட்கவில்லை. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் அழுதார்கள்; கண் அழுகிறது, மனம் துக்கப்படுகிறது, நாவு மட்டும் றப்புக்குப் பொருத்தமில்லாததைச் சொல்லாது என்று விளக்கமும் தந்தார்கள். 'அழகிய பொறுமை' என்ற சொல்லுக்குரியவர் யஃகூப் (அலை). அவருடைய கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்றும் அதே ஸூரா சொல்கிறது. அத்தோடு நிற்கவில்லை: யூஸுஃபையும் அவர் சகோதரரையும் போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார். அழகிய பொறுமை என்று குர்ஆன் காட்டும் மனிதர் அழுதார், முறையிட வேண்டியவனிடம் முறையிட்டார், தேடவும் அனுப்பினார்.

வெள்ளைத் துணி

நமது ஊர்களில் மையித்து வீட்டுக்குப் போனால் "அல்லா தந்தான், அல்லா எடுத்தான், சபுர் செய்யுங்க" என்று கேட்கும். தாயை இழந்த பிள்ளையின் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூத்தம்மா அதைச் சொன்னால் அது மருந்து. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் கிடந்தவர்களுக்கும், 2022-ல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கியூவில் நின்றவர்களுக்கும் அதே வார்த்தை சொல்லப்பட்டது. சொன்னவர்களில் கூட நின்று சோறு கொடுத்தவர்களும் உண்டு. விசாலமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நெருக்கடியில் நிற்பவரைப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. வார்த்தை ஒன்றுதான், கனம் வேறு.

அல்-கிந்தியின் வரிசையை நமது சமூகம் அண்மையில் ஒரு தடவை முழுதாகக் கடந்து வந்தது. 2020 ஏப்ரலில் கொவிட் நோயால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் மையித்துகள் எரிக்கப்பட்டன. தடுக்க முடியுமா என்ற முதல் கேள்வியை நம்மவர்கள் கேட்டார்கள்: மனுக் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் அம்மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளான பாலகன் ஒருவனின் உடல் பொரளையில் எரிக்கப்பட்டது. அதன் பின் அந்த மயானத்து வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டன. கபன் துணியின் நிறம். கல் எறியவில்லை, கடை உடைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் இருந்தார்கள். அவை அகற்றப்பட்டன; வேறு இடங்களிலும் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25-ல் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5-ல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிந்தவை எரிந்தவைதான், அந்தக் குடும்பங்களின் கவலைக்கு இதில் எதுவும் முழு மருந்து ஆகாது.

அந்த நாட்களில் இரண்டு பேச்சுகளையும் நான் கேட்டேன். "இது அல்லாட நாட்டம், வாய மூடிக்கொண்டு இருப்பம்" என்று ஒரு பக்கம். "இனிப் பொறுக்க ஏலாது, எதையாவது செய்வம்" என்று மறுபக்கம். முதலாவது பேச்சு, தடுக்க முடியுமா என்ற கேள்வியையே கேட்காமல் கடைசிப் படிக்குத் தாவிவிட்டது. இரண்டாவது பேச்சு, கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. வேலியில் முடிச்சுப் போட்டவர் பிரித்துப் பார்த்தவர். சட்டத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை. ஒரு சாண் துணி இருந்தது. நம்மவரல்லாத கைகள் அந்தத் துணியைக் கட்டியபோது எனக்கு ஸனத் இப்னு அலீயின் ஞாபகம் வந்தது. நட்பு இல்லாத இடத்திலும் நியாயம் கேட்கலாம் என்பதற்கு அவர் பழைய சாட்சி.

அல்-கிந்தியின் கடிதம் சில பக்கங்களே கொண்டது. அறபு படிக்கும் மதரசா மாணவர் ஆசிரியரின் துணையோடு சில அமர்வுகளில் வாசித்துவிடலாம். கஸ்ஸாலியின் உவமையோடு இதையும் சேர்த்துப் பாடம் நடத்தினால், நாளைக்கு மிம்பரில் ஏறப்போகும் அந்தப் பிள்ளைகள் கப்பல் கதையை இன்னும் முழுமையாகச் சொல்வார்கள். கஷ்டம் வந்த வீட்டின் படியில் செருப்பைக் கழற்றும்போது, "சபுர் செய்யுங்க" என்று சொல்ல முன்னர், "என்னால ஏலுமான காரியம் ஏதும் இருக்கா?" என்று கேட்கவும் அவர்களுக்குப் பழகிவிடும்.